கறித்தூள் கடைக்கு அஃபிலியேட் வைக்கலாமா? எத்தனை விழுக்காடு போடுவது?

கோமதி_சிப்புட்

வணக்கம். நாங்கள் மலேசியாவில் பேராக், சுங்கை சிப்புட். அம்மா தோட்டத்தில் இருந்த காலத்திலேயே கறித்தூள் அரைத்து விற்றவர், டவுனுக்கு வந்த பிறகும் விடவில்லை. இறைச்சித் தூள், மீன் தூள் இரண்டும்தான் சரக்கு. தீபாவளிக்கு மட்டும் முறுக்கு. ஷோப்பி இணையச் சந்தையில் கடை திறந்திருக்கிறேன், டிக்டாக் ஷாப்பிலும் போட்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் வாங்குகிறார்கள். தெரியாதவர்கள் வருவது குறைவு.

விற்பனையாளர் பக்கத்தில் அஃபிலியேட் என்று ஒரு பகுதி இருக்கிறது. கமிஷன் விழுக்காட்டைப் போடு, மற்றவர்கள் உன் பொருளைப் பரிந்துரைத்து விற்றுக் கொடுப்பார்கள் என்கிறது. இதற்கிடையில் டிக்டாக்கில் ஒருவர் செய்தி அனுப்பி 25 விழுக்காடு கேட்கிறார், கூடவே பத்துப் பாக்கெட் இலவசமாக அனுப்பச் சொல்கிறார். இது எப்படி வேலை செய்கிறது, எவ்வளவு போடலாம்? அடிப்படையிலிருந்து சொன்னால் நல்லது. 250 கிராம் பாக்கெட்டை 15 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கிறேன்.

லயத்துக்காரன்

தங்கச்சி, பெயர்தான் புதுசு. நம் தோட்டங்களில் எத்தனை பேர் தண்ணீர் வடிகட்டி, காப்பித் தூள், சத்து மாவு என்று ஆள் சேர்க்கக் கிளம்பி, கடைசியில் வீட்டில் பெட்டி பெட்டியாகச் சரக்கோடு உட்கார்ந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அப்போதும் இதே பேச்சுதான். நீ சும்மா இரு, மற்றவன் விற்பான், காசு வரும் என்பார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை.

கிராணி_மகன்

லயத்துக்காரன் அண்ணே, உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. நீங்கள் சொல்வதில் சேருபவன் முதலில் பணம் கட்டுவான், சரக்கு வாங்குவான், அப்புறம் தனக்குக் கீழே ஆள் பிடிப்பான். அஃபிலியேட்டில் சேர ஒரு காசும் கட்டத் தேவையில்லை, சரக்கும் வாங்கத் தேவையில்லை. ஆள் பிடித்ததற்காகக் காசு வராது, ஒருவர் உண்மையில் பொருளை வாங்கினால்தான் வரும். வெறுமனே ஆள் சேர்ப்பதற்கே காசு கொடுக்கும் பிரமிடு திட்டத்தை நம் நாட்டில் 1993-ஆம் ஆண்டின் நேரடி விற்பனை, பிரமிடு திட்டத் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது. யாராவது 'அஃபிலியேட் வேலை, முன்பணம் கட்டு, பணி முடித்தால் இரட்டிப்பாக வரும்' என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பினால் அது மோசடி. பணம் போயிருந்தால் யோசிக்காமல் மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழைக்க வேண்டும்.

கோமதி, உன் கேள்விக்கு வருகிறேன். இதில் மூன்று தரப்பு: பொருள் வைத்திருக்கும் நீ, பரிந்துரைப்பவர், வாங்குபவர். நடுவில் கணக்கு வைக்க ஒரு தளம், உன் விஷயத்தில் ஷோப்பி அல்லது டிக்டாக். பரிந்துரைப்பவருக்கு அவருக்கென்றே ஓர் இணைப்பு கிடைக்கும். அதில் அவருடைய அடையாள எண் ஒட்டியிருக்கும். வாங்குபவர் அதைத் தட்டி உள்ளே வந்தால் இவர் யார் மூலமாக வந்தார் என்று தளம் குறித்துக்கொள்ளும். குறித்த காலத்துக்குள் வாங்கினால் கமிஷன் அவருக்கு.

அந்தக் 'குறித்த காலம்' இடத்துக்கு இடம் மாறும். அமேசானில் 24 மணி நேரம்தான். அதற்குள் பொருளைக் கூடையில் போட்டுவிட்டால் 90 நாள் வரை வாங்கலாம். வேறு சில இடங்களில் ஒரு வாரம், ஒரு மாதம் என்று இருக்கும். நீ சேரும் தளத்தின் விதியைப் படித்துக்கொள்.

இது நேற்று வந்த சமாச்சாரமும் அல்ல. 1989-லேயே அமெரிக்காவில் ஒரு பூக்கடை பிராடிஜி என்ற கணினி வலையமைப்பில் இப்படி விற்றது. அமேசான் 1996-ல் தொடங்கியதும்தான் உலகம் முழுக்கப் பரவியது.

செம்பனை_தம்பி

அண்ணே, ஒரே ஆள் மூன்று பேருடைய இணைப்பைத் தட்டியிருந்தால் யாருக்குக் காசு?

கிராணி_மகன்

பெரும்பாலான இடங்களில் கடைசியாகத் தட்டிய இணைப்புக்கு. முதலில் பத்து நிமிட வீடியோ போட்டு விளக்கிச் சொன்னவருக்கு ஒன்றும் இல்லை, கடைசி நேரத்தில் 'தள்ளுபடிக் குறியீடு இங்கே' என்று காட்டியவர் எடுத்துக்கொண்டு போவார். 2024 டிசம்பரில் ஹனி என்ற தள்ளுபடி தேடும் உலாவி நீட்சி (இணைய உலாவியில் சேர்த்துக்கொள்ளும் சின்ன மென்பொருள்) மீது இதே குற்றச்சாட்டு வந்தது. வாங்குபவர் பணம் கட்டும் நேரத்தில் அது உள்ளே புகுந்து, பரிந்துரைத்தவரின் அடையாளத்தை எடுத்துவிட்டுத் தன்னுடையதைப் போடுகிறது என்றார் ஒரு யூடியூபர். அமெரிக்காவில் வழக்கும் தொடுத்தார்கள். அதற்கு முன்பே 2008-ல் ஈபே தன் பெரிய அஃபிலியேட்டுகள் சிலர் மீது வழக்குப் போட்டது. பார்வையாளர் எதையும் தட்டாமலேயே அவருடைய கணினியில் இவர்கள் தங்கள் கமிஷன் அடையாளத்தைத் திணித்துவைத்தார்கள், அப்புறம் அவர் தானாக ஈபேக்குப் போய் வாங்கினாலும் இவர்களுக்குக் காசு. அதில் இரண்டு பேர் சிறைக்கும் போனார்கள்.

கோமதிக்கு இது ஏன் தேவை? தானாக வந்து வாங்கியிருக்கக்கூடிய ஆளுக்கும் சேர்த்து நீ கமிஷன் கொடுத்துக்கொண்டிருக்கலாம். உன் அம்மாவின் பழைய வாடிக்கையாளர் யாரோ ஒருவரின் இணைப்பு வழியாக உள்ளே வந்தால், உனக்குக் கிடைத்தது புது ஆள் அல்ல, புதுச் செலவு. அறிக்கையில் அவ்வப்போது ஆர்டர் பெயர்களைப் பார். பாதிப் பேர் தெரிந்த முகமாக இருந்தால் விழுக்காட்டைக் குறை.

கோமதி_சிப்புட்

புரிகிறது அண்ணே. 15 வெள்ளியில் 10 விழுக்காடு என்றால் ஒன்றரை வெள்ளி. பெரிய காசில்லை, போட்டுவிடலாமா?

கிராணி_மகன்

அவசரப்படாதே. பாக்கெட்டுக்குக் கணக்குப் போடு. நான் குத்துமதிப்பாகப் போடுகிறேன், உன் எண்களை வைத்து நீ மாற்றிக்கொள்.

மிளகாய், மல்லி, சோம்பு, வறுக்க, அரைக்க எல்லாம் சேர்த்து 5.50. பை, லேபிள், பெட்டி 1.20. தளம் பிடிப்பது எல்லாம் சேர்த்து 2.30 என்று வை. நீ கொடுக்கும் தள்ளுபடி வவுச்சர் 1.00. மொத்தம் 10 வெள்ளி. மிச்சம் 5. இதில் அம்மாவின் கூலி எங்கே? நிச்சயம் நீ எழுதியிருக்க மாட்டாய், நம் வீடுகளில் யாருமே எழுதுவதில்லை. பாக்கெட்டுக்கு 1.50 வை. மிச்சம் 3.50.

10 விழுக்காடு கமிஷன் கொடுத்தால் கையில் 2 வெள்ளி. 20 கொடுத்தால் 50 காசு. அந்த ஆள் கேட்கும் 25-ஐக் கொடுத்தால் 3.75 போய்விடும், பாக்கெட்டுக்கு 25 காசு நட்டம். பத்துப் பாக்கெட் இலவசம் வேறு.

இப்போது மூன்று பாக்கெட்டை ஒரே பெட்டியில் கட்டி 42 வெள்ளிக்குப் போடு. பொருள் 16.50. பெட்டி ஒன்றுதான், அதனால் 2.40. தளத்துக்கு 6.40. வவுச்சர் அதே 1.00. அம்மாவின் கூலி 4.50. மொத்தம் 30.80, மிச்சம் 11.20. 10 விழுக்காடு கமிஷன் 4.20. உனக்கு 7 வெள்ளி. பரிந்துரைப்பவருக்கும் 1.50-க்குப் பதில் 4.20 கிடைக்கிறது. ஒற்றைப் பாக்கெட்டுக்காக வாய் திறக்காதவர் இதற்குத் திறப்பார்.

ஆகவே ஒற்றைப் பாக்கெட்டில் கமிஷன் போடாதே, மூன்று பாக்கெட் கட்டில் மட்டும் போடு.

வளர்மதி_சமையல்

மேலே அண்ணன் சொன்ன கணக்கு சரி. நான் மறுபக்கத்தில் இருப்பவள், கோலாலம்பூரில் வீட்டுச் சமையல் வீடியோ போடுகிறேன், அஃபிலியேட் வருமானமும் உண்டு. எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், கோமதிக்கு உதவும்.

வீடியோவை ஆயிரக்கணக்கானவர்கள் பார்ப்பார்கள். இணைப்பைத் தட்டுபவர்கள் அதில் ஒரு சிறு பகுதி. தட்டியவர்களில் வாங்குபவர்கள் இன்னும் சிறு பகுதி. 100 பேர் தட்டி 2 பேர் வாங்கினால், 4.20 கமிஷனில் எனக்கு 8.40. அதாவது ஒரு தட்டலுக்கு 8 காசு சொச்சம். எங்களைப் போன்றவர்கள் எந்தப் பொருளைக் காட்டலாம் என்று முடிவு செய்வது பெரும்பாலும் இந்த எண்ணை வைத்துத்தான். விழுக்காடு பெரிதாக இருந்து யாரும் வாங்கவில்லை என்றால் எங்களுக்கு என்ன லாபம்? உன் கடைப் பக்கம் வாங்க வைக்கிற மாதிரி இருந்தால் 8 விழுக்காட்டுக்கும் நாங்கள் வருவோம்.

உன் பக்கத்தைப் பார்த்தேன். படத்தில் பாக்கெட் மட்டும் தெரிகிறது. அந்தத் தூளில் வைத்த குழம்பு எங்கே? எத்தனை கிலோ கோழிக்கு எத்தனை கரண்டி என்று எங்கே? காரம் எப்படி? உறைப்பு குறைவாக வேண்டுமென்று பிள்ளைகள் உள்ள வீட்டில் கேட்பார்கள். இதையெல்லாம் சரி செய்யாமல் அஃபிலியேட் வைத்தால், நாங்கள் ஆளைக் கூட்டி வருவோம், அவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். ஒரு முறை அப்படி ஆனால் அடுத்த முறை உன் பொருளை யாரும் எடுக்க மாட்டார்கள்.

டிக்டாக் ஷாப்பில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று திறந்த திட்டம்: தகுதியுள்ள எவரும் உன் பொருளைத் தங்கள் வீடியோவில் சேர்க்கலாம். இன்னொன்று நீயே ஆளைத் தேர்ந்தெடுத்து அழைப்பது, அவருக்கு மட்டும் தனி விழுக்காடு கொடுக்கலாம். திறந்த திட்டத்தில் குறைவாகப் போட்டு, நன்றாகச் சமைத்துக் காட்டும் ஆட்களுக்கு மட்டும் கூட்டிக் கொடு. அந்தப் பத்துப் பாக்கெட் ஆளின் பழைய வீடியோக்களைப் போய்ப் பார். இன்று முக கிரீம், நாளை டார்ச் லைட், மறுநாள் கறித்தூள் என்றால் ஒரு பாக்கெட்கூட அனுப்பாதே. மாதிரி கேட்பதில் தப்பில்லை, நானும் கேட்பேன். சுவை தெரியாமல் எப்படிப் பேசுவது? ஆனால் ஒரு பாக்கெட் போதும்.

லயத்துக்காரன்

இந்தப் பெண் சொல்வது நியாயமாக இருக்கிறது. ஆனாலும் காசு வாங்கிக்கொண்டு நல்லது என்று சொல்பவரை எப்படி நம்புவது?

வளர்மதி_சமையல்

நம்ப வேண்டாம் ஐயா, சோதித்துப் பாருங்கள். ஆனால் நான் கமிஷன் வாங்குகிறேன் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் பேசுவேன். 2022-ல் புதுப்பித்த நம் நாட்டு உள்ளடக்க நெறிமுறையும் அதைத்தான் கேட்கிறது: பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு பரிந்துரைத்தால் அது விளம்பரம் என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். சொன்னால் ஆள் ஓடிவிடுவார்கள் என்று சிலர் மறைக்கிறார்கள். என் அனுபவத்தில் ஓடுவதில்லை. 'இந்தத் தூளில் உப்பு இல்லை, நீங்கள்தான் போட வேண்டும்' என்று குறையையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நம்புகிறார்கள்.

செம்பனை_தம்பி

நான் தோட்ட ஆபீஸில் வேலை செய்கிறேன். பகுதி நேரமாக அஃபிலியேட் செய்யலாம் என்று இருக்கிறேன். போன மாதம் ஒரு தளத்தில் கமிஷன் 60 வெள்ளிக்கு மேல் காட்டியது, கைக்கு வரும்போது பாதிகூட இல்லை. ஏமாற்றுகிறார்களா?

கிராணி_மகன்

தம்பி, தோட்டத்தில்தானே இருக்கிறாய். ரப்பர் பால் நிறுக்கும்போது என்ன நடக்கும் என்று உன் தாத்தாவைக் கேள். வாளியின் எடைக்குக் கூலி கிடையாது. மெட்ரோலாக் என்ற அளவு கருவியைப் பாலில் விட்டுப் பார்த்து, அதில் எவ்வளவு ரப்பர் இருக்கிறதோ அதற்குத்தான். இதுவும் அப்படித்தான். நீ பார்த்த 60 'நிலுவை' என்ற கட்டத்தில் இருந்திருக்கும். ஆர்டர் ரத்தானால், பொருள் திரும்பி வந்தால், வாங்கியவர் பணம் கட்டாமல் விட்டால் அதெல்லாம் கழியும். திருப்பி அனுப்பும் காலம் முடிந்த பிறகு மிஞ்சுவதுதான் உறுதியான கமிஷன். உன் இணைப்பில் நீயே வாங்கினாலும் பல தளங்கள் ஒத்துக்கொள்வதில்லை. நிராகரித்தவற்றுக்குக் காரணம் அறிக்கையில் இருக்கும், ஒவ்வொன்றாகப் பார். அதற்குப் பிறகும் கணக்கு இடித்தால் தளத்துக்கு எழுது.

கோமதி, இங்கேதான் உன் முறுக்கு விவகாரம் வருகிறது. முறுக்கு அஞ்சலில் நொறுங்கும். நொறுங்கினால் பணம் திருப்பித் தருவாய், பரிந்துரைத்தவரின் கமிஷனும் போகும், உழைத்துவிட்டுக் காசு வராத கோபம் உன் மேல் திரும்பும். முறுக்கை அஃபிலியேட்டில் சேர்க்காதே. கறித்தூள் நொறுங்காது.

கோமதி_சிப்புட்

முறுக்கைச் சேர்க்கலாம் என்றுதான் இருந்தேன், நல்ல வேளை. இன்னொரு சந்தேகம். ஏற்கெனவே வாங்கும் அக்கா ஒருவர் 'மஞ்சளும் வெந்தயமும் சேர்ந்திருக்கு, சர்க்கரை நோய் குறையும்னு போட்டு விற்கிறேன்' என்கிறார். அவர் முகநூல் குழுவில் நிறைய பேர் இருக்கிறார்கள். கொடுக்கலாமா?

கிராணி_மகன்

வேண்டவே வேண்டாம். 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் குறிப்பிட்ட நோய்களுக்கு இது தீர்வு என்று எந்தப் பொருளையும் விளம்பரப்படுத்தக் கூடாது என்கிறது. நீரிழிவு அந்தப் பட்டியலில் இருக்கிறது, புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு எல்லாம் இருக்கின்றன. கறித்தூளாக இருந்தாலும் அப்படிச் சொன்ன பிறகு அது மருந்து விளம்பரம்தான். எழுதியது அந்த அக்காவாக இருந்தாலும் பாக்கெட்டில் இருப்பது உன் பெயர்.

இதைத் தவிர்க்க ஒரு வழி: பரிந்துரைப்பவர்களுக்கு என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று அரைப் பக்கம் எழுதிக் கொடு. எதில் அரைத்தது, எத்தனை நாள் தாங்கும், எப்படிச் சேமிப்பது, ஒரு சமையல் குறிப்பு. கீழே 'நோய், எடை, சர்க்கரை பற்றிப் பேசக் கூடாது' என்று ஒரு வரி. கேட்காதவரின் இணைப்பை நிறுத்திவிடு.

வளர்மதி_சமையல்

அந்த அரைப் பக்கம் எங்களுக்கும் பெரிய உதவி. பெரிய நிறுவனங்கள்கூட ஒன்றும் தராமல் 'நல்லா பண்ணுங்க' என்று விட்டுவிடுகிறார்கள்.

ஜேபி_பையன்

சுங்கை சிப்புட்டில் பிறந்து ஜொகூர் பாருவில் வேலை செய்கிறேன். இங்கே வாடகை வீட்டில் நாங்கள் நாலு பேரும் நம் ஊர்ப் பக்கம்தான். தளமே இல்லாமல் இதைச் செய்ய முடியாதா? நான் இங்கே நண்பர்களுக்குச் சொல்லி விற்றுத் தருவேன், ஆனால் வீடியோ எல்லாம் எனக்கு வராது.

கிராணி_மகன்

முடியும், எனக்குப் பிடித்ததும் அதுதான். கோமதி, ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீடு கொடு. இவருக்கு 'ஜேபி5'. அந்தக் குறியீட்டைச் சொல்லிப் புலனத்தில் ஆர்டர் செய்பவருக்கு நீ 5 விழுக்காடு தள்ளுபடி கொடு, மாதக் கடைசியில் குறியீட்டை எண்ணி இவருக்கு 8 விழுக்காடு கொடு. தளத்தின் கட்டணம் இல்லை என்பதால் இரண்டையும் கொடுத்தும் கையில் மிஞ்சும். கடைசித் தட்டல் சண்டையும் இல்லை, குறியீட்டைச் சொன்னவருக்குத்தான் காசு. எக்ஸெல் வேண்டாம், ஒரு நோட்டு போதும்: தேதி, பெயர், குறியீடு, தொகை, பணம் வந்ததா. அனுப்பும் பொறுப்பும் பணம் வசூலிக்கும் பொறுப்பும் உன்னிடமே இருக்கட்டும், இவரிடம் சரக்கைக் கொடுத்து வைக்காதே. கொடுத்தால் அது வேறு வியாபாரம், கடன் வியாபாரம்.

செம்பனை_தம்பி

எனக்கும் ஒரு குறியீடு கொடுங்கள் கோமதி அக்கா. ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சே குழம்பைப் பற்றித்தான்.

கோமதி_சிப்புட்

கொடுக்கிறேன் தம்பி. அம்மாவிடம் கூலிக் கணக்கைக் காட்டினேன். பாக்கெட்டுக்கு ஒன்றரை வெள்ளியா, எனக்கு யார் இதுவரை கொடுத்தது என்று கேட்டார். பழைய பாக்கியும் சேர்த்து வேண்டுமாம்.

மூன்று பாக்கெட் கட்டைப் போட்டுவிட்டேன், திறந்த திட்டத்தில் 8 விழுக்காடு. இறைச்சிக் குழம்பு வைத்துப் படமும் எடுத்தாகிவிட்டது. பத்துப் பாக்கெட் கேட்டவரிடம் ஒன்று அனுப்புகிறேன் என்றேன், பதிலே இல்லை. வளர்மதி அக்கா, உங்களுக்கு ஒன்று அனுப்பவா?

வளர்மதி_சமையல்

மீன் தூள் அனுப்பு. இறைச்சித் தூள் எல்லாரும் காட்டுகிறார்கள்.

செம்பனை_தம்பி

கடைசியாக ஒன்று. இந்தக் காசுக்கு வரி கட்ட வேண்டுமா? நான் சம்பளக்காரன், ஒவ்வொரு வருடமும் சம்பளக்காரர்களுக்கான பிஇ பாரம்தான் (வரிப் படிவம்) நிரப்புகிறேன்.

கிராணி_மகன்

கமிஷனும் வருமானம்தான், சிறு தொகை என்று மறைக்க வேண்டாம். தொடர்ந்து வியாபாரமாகச் செய்தால் பிஇ போய், வியாபாரிகளுக்கான பி பாரம் வரும். அதற்குக் கடைசி நாள் ஜூன் 30, மின்வழியில் அனுப்பினால் வழக்கமாக ஜூலை 15 வரை விடுவார்கள். இதற்காகவே செய்த செலவுகளைக் கழிக்கலாம், ரசீதை வைத்துக்கொள். கோமதி கொடுக்கும் கமிஷனும் அவள் கடைக்குச் செலவு, அதனால் யாருக்கு எவ்வளவு கொடுத்தாள் என்பதற்கு வங்கிப் பதிவு இருப்பது நல்லது. ரொக்கமாகக் கொடுக்காதே கோமதி.

வியாபாரம் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் (நிறுவனங்கள் ஆணையம்) பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி, கடைக்கென்று பெயர் வைத்தால் 60. இணையத்திலேயே செய்யலாம். இன்னும் பதியவில்லை என்றால் இந்த வாரமே பார்த்துவிடு.

கோமதி_சிப்புட்

அம்மா பெயரில் பதிந்தாகிவிட்டது அண்ணே. ஜேபி தம்பி, உங்கள் முகவரியைத் தனிச் செய்தியில் போடுங்கள், முதல் கட்டு வெள்ளிக்கிழமை வரும். செம்பனை தம்பிக்குக் குறியீடு 'ஆபீஸ்5'.